உங்கள் கடைக் கணக்கு கம்ப்யூட்டரில் எந்த ஃபோல்டரில் இருக்கு?

வண்டலூரிலிருந்து மீஞ்சூர் போகும் வெளிவட்டச் சாலை, சென்னை–திருவள்ளூர் நெடுஞ்சாலையைக் கடக்கும் இடம் நெமிலிச்சேரி. அந்தச் சாலையில் வண்டலூர்–நெமிலிச்சேரி பகுதி 2014-ல் திறக்கப்பட்டது. மீஞ்சூர் வரையிலான மீதி 2021-ல் வந்தது. பக்கத்துப் பட்டாபிராமில் 2024 நவம்பரில் டைடல் பார்க்கும் திறந்தாகிவிட்டது. இந்த வட்டாரத்தில் நீங்கள் ஹார்டுவேர் கடை, லேத் பட்டறை, லாரி ஆபீஸ், மளிகை மொத்த வியாபாரம் என்று ஏதாவது நடத்துகிறவராக இருந்தால் உங்களிடம் ஒரு கேள்வி.

உங்கள் கணக்கு எங்கே இருக்கிறது?

"டாலியில இருக்குங்க" என்பீர்கள். சரி, டாலியில் எங்கே? "அதை அக்கவுண்டன்ட் தம்பிகிட்டதான் கேட்கணும்." பெரும்பாலான கடைகளில் பதில் இங்கேயே நின்றுவிடும். கல்லாப்பெட்டிச் சாவியை மறக்காமல் இடுப்பில் செருகிக்கொள்கிறோம். ஆனால் ஐந்து வருஷத்து வரவு செலவு கம்ப்யூட்டரின் எந்த மூலையில் கிடக்கிறது என்று நமக்கே தெரியாது.

டாலி 1986-ல் பெங்களூரில் பிறந்த மென்பொருள். இன்று நம் ஊர்க் கடைகளில் இருப்பது 2020 நவம்பரில் வந்த டாலி பிரைம், அல்லது அதற்கு முந்தைய டாலி இ.ஆர்.பி. 9. இரண்டிலும் ஒரு வழக்கம் மாறவில்லை. நீங்கள் "ஸ்ரீ முருகன் ஹார்டுவேர்ஸ்" என்று கம்பெனி உருவாக்கினாலும், உள்ளே அது அந்தப் பெயரில் சேமிக்கப்படாது. டேட்டா என்ற ஃபோல்டருக்குள் 10000, 10001 என்பது போல ஓர் எண்ணில் ஒரு ஃபோல்டர் உருவாகும். உங்கள் பில், ரசீது, ஸ்டாக், பாக்கிக்காரர் பட்டியல் எல்லாம் அந்த எண்ணுக்குள்தான். திறந்து பார்த்தால் .900 அல்லது .1800 என்று முடியும் ஃபைல்கள் வரிசையாக இருக்கும். நோட்பேடிலோ எக்செலிலோ அவற்றைத் திறந்து படிக்க முடியாது. முயற்சியும் வேண்டாம்.

வழக்கமாக இன்ஸ்டால் செய்தால் டாலி பிரைமின் டேட்டா போய் உட்காரும் இடம் இது: சி டிரைவ், அதற்குள் யூசர்ஸ், அதற்குள் பப்ளிக், அதற்குள் டாலி பிரைம், அதற்குள் டேட்டா. இந்த வழியை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கம்ப்யூட்டரில் வேறு இடமாக இருந்தால், கம்பெனியைத் தேர்வு செய்யும் திரையில் அந்த வழி தெரியும். அதைச் செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டாலும் போதும். கம்பெனிப் பெயரும் அதன் எண்ணும் தெரிகிற மாதிரி எடுங்கள்.

தொலைவதைவிடப் பெரிய தலைவலி

கணக்கு ஃபைல் என்றதும் எல்லோரும் பயப்படுவது "டெலிட் ஆயிட்டா?" என்றுதான். அதைவிட அதிகமாக நடப்பதும், கண்டுபிடிக்கக் கஷ்டமானதும் வேறொன்று. ஒரே கம்பெனி மூன்று இடத்தில் இருக்கும். எது அசல் என்று யாருக்கும் தெரியாது.

எப்படி நடக்கிறது என்று பாருங்கள். பகுதிநேரக் கணக்காளர் சனிக்கிழமை வருகிறார். நேரம் போதவில்லை. 10001 ஃபோல்டரைப் பென் டிரைவில் காப்பி எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோகிறார். ஞாயிறு முழுக்க உட்கார்ந்து கொள்முதல் பில்களை எல்லாம் ஏற்றுகிறார். இங்கே கடையில் ஞாயிறும் திங்கள் காலையும் உங்கள் மகள் 40 பில் போட்டிருக்கிறார். திங்கள் மதியம் தம்பி வருகிறார், பென் டிரைவைச் செருகுகிறார், பேஸ்ட் செய்கிறார். "இதே பெயரில் ஏற்கெனவே இருக்கிறது, மாற்றிவிடவா?" என்று விண்டோஸ் கேட்கிறது. அவர் "ஆமாம்" என்று அழுத்துகிறார். 40 பில்லும் போச்சு. திட்டுவதற்கும் ஆளில்லை. இரண்டு பேரும் அவரவர் வேலையை ஒழுங்காகத்தான் செய்தார்கள்.

இதில் இன்னொரு வகையும் உண்டு. மாற்றிவிடாமல், பத்திரமாக இருக்கட்டும் என்று டெஸ்க்டாப்பில் "டாலி புதுசு", "டாலி லேட்டஸ்ட்", "டாலி ஃபைனல் 2" என்று வைப்பார்கள். மூன்று மாதம் கழித்து ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் ஒரு பிரதியைப் பார்த்துப் போகும், பேங்குக்குக் கொடுத்த ஸ்டாக் கணக்கு இன்னொரு பிரதியிலிருந்து போயிருக்கும். இரண்டும் ஒத்துப்போகாதபோது கேள்வி உங்களுக்குத்தான் வரும்.

அதனால் கணக்கு ஃபைல்களை ஒழுங்குபடுத்துவதில் முதல் விதி: என்ட்ரி போடும் பிரதி ஒன்றே ஒன்று. அது ஒரே இடத்தில். மற்றதெல்லாம் பேக்கப். பேக்கப்பில் யாரும் என்ட்ரி போடக் கூடாது. கணக்காளர் வீட்டில் வேலை செய்தே ஆக வேண்டுமென்றால், அவரிடம் பிரதி இருக்கும் நாட்களில் கடையில் டாலியைத் தொடாதீர்கள், பில் புத்தகத்தில் கையால் போடுங்கள். கொஞ்சம் பழைய பாணிதான், ஆனாலும் இரண்டு பிரதியைக் கையால் ஒட்டுப்போடும் வேலையைவிட இது எவ்வளவோ மேல்.

ஃபோல்டரை எப்படி அடுக்குவது

கணக்கு டேட்டா சி டிரைவில் இருப்பது எனக்கு உடன்பாடில்லை. கம்ப்யூட்டர் மெதுவாகிறது என்று சர்வீஸ் ஆளைக் கூப்பிடுவோம். அவர் விண்டோஸைப் புதிதாகப் போடுவார். அப்போது அழிக்கப்படுவது சி டிரைவ்தான். டெஸ்க்டாப்பில் இருந்ததும் அதோடு போகும். டி டிரைவ் இருந்தால் அங்கே ஒரு ஃபோல்டர் திறந்து, அதற்குள் மூன்று பிரிவு வைத்துக்கொள்ளுங்கள்: ஒன்று நடப்புக் கணக்கு, இன்னொன்று முடிந்த ஆண்டுகள், மூன்றாவது பேக்கப். டாலியில் டேட்டா இருக்கும் இடமாக நடப்புக் கணக்கு ஃபோல்டரை மட்டும் காட்டிவிடுங்கள். முடிந்த ஆண்டுகள் அந்தப் பட்டியலிலேயே வராது. 2022-23 கம்பெனியைத் தவறுதலாகத் திறந்து இன்றைய பில்லைப் போடும் வேலையும் நடக்காது. பழையதைப் பார்க்க வேண்டிய நாளில் அந்த வழியைக் காட்டித் திறந்துகொள்ளலாம்.

இடம் மாற்றும்போது டாலியை முழுக்க மூடிவிட்டு, எண் ஃபோல்டரை அப்படியே முழுசாகக் காப்பி செய்யுங்கள். புதிய இடத்தில் திறந்து, கடைசி பில் நம்பரும் வங்கி இருப்பும் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். அதற்குப் பிறகுதான் பழையதை எடுக்க வேண்டும். எடுக்காமல் விட்டால் மேலே சொன்ன இரண்டு அசல் கதை மறுபடியும் ஆரம்பிக்கும்.

எண் ஃபோல்டருக்குக் கடைப் பெயர் வைத்தால் நன்றாக இருக்குமே என்று தோன்றும். வேண்டாம். எண்ணை வைத்துத்தான் டாலி கம்பெனியை அடையாளம் காண்கிறது. பெயர் வேண்டுமென்றால் அதற்கு மேலே உள்ள ஃபோல்டருக்கு வையுங்கள். பேக்கப் ஃபோல்டர்களுக்குப் பெயரில் வருஷத்தை முதலில் எழுதுங்கள்: 2025-03-31 என்பது போல. 31-03-2025 என்று எழுதினால் எல்லா மாதத்து 31-ம் ஒன்றாக வந்து நிற்கும். வருஷம் முதலில் வந்தால் கம்ப்யூட்டர் தானாகவே தேதி வரிசையில் அடுக்கிவிடும்.

வருஷத்துக்கு ஒரு கம்பெனி உருவாக்குவதா, ஒரே கம்பெனியில் தொடர்வதா என்ற பழைய சண்டை ஒன்று உண்டு. டாலியைப் பொறுத்தவரை ஒரே கம்பெனியில் பல ஆண்டுகள் ஓட்டலாம். சிறிய கடைக்கு அதுவே வசதி, போன வருஷத்துப் பாக்கியை இந்த வருஷம் தேட வேண்டியதில்லை. டேட்டா கனத்து வேகம் குறைந்தால் ஸ்பிளிட் என்ற வசதியால் ஆண்டைப் பிரிக்கலாம். பிரிப்பதற்கு முன் பேக்கப் கட்டாயம். பிரித்த பிறகு ஒரு விஷயம் கவனியுங்கள்: புதிதாகப் பிரிந்த கம்பெனிகளோடு, பிரிக்காத பழைய முழு கம்பெனியும் அங்கேயே இருக்கும். பட்டியலில் பெயர்கள் ஒரே மாதிரி தெரியும். அன்றைக்கே பழையதை "முடிந்த ஆண்டுகள்" பக்கம் நகர்த்திவிடுங்கள்.

பேக்கப் எங்கே போக வேண்டும்

டாலி பிரைமில் ஆல்ட் விசையோடு ஒய் அழுத்தினால் டேட்டா மெனு வரும். அதில் பேக்கப். எங்கே சேமிக்க என்று கேட்கும், இடத்தைக் காட்டினால் முடிந்தது. சிறிய கடைக்கு ஒன்றிரண்டு நிமிட வேலை. இதைத் தினமும் ஷட்டர் இறக்குவதற்கு முன் செய்யலாம்.

ஆனால் அதே கம்ப்யூட்டரில் கிடக்கும் பேக்கப் பாதிப் பேக்கப்தான். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் மழையில் அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குள் தண்ணீர் புகுந்தது நினைவிருக்கும். தரைத்தளத்தில், மேசைக்கு அடியில் இருக்கும் கம்ப்யூட்டருக்குள் தண்ணீர் போனால், சி டிரைவ், டி டிரைவ் என்ற வித்தியாசமெல்லாம் அதற்கு இல்லை. இரண்டும் பெரும்பாலும் ஒரே தகடுதான். சரக்குக்கு இன்சூரன்ஸ் எடுத்திருந்தால், சர்வேயர் வந்து முதலில் கேட்பது "வெள்ளத்துக்கு முன் எவ்வளவு ஸ்டாக் இருந்தது? கணக்கைக் காட்டுங்க." அந்த ஸ்டாக் கணக்கு நனைந்த பெட்டிக்குள் இருந்தால் என்ன சொல்வீர்கள்?

எப்போதும் செருகியே இருக்கும் பென் டிரைவும் போதாது. 2017 மே மாதம் உலகம் முழுக்கப் பரவிய வான்னாக்ரை போன்ற ரான்சம்வேர், கம்ப்யூட்டரில் செருகியிருக்கும் டிரைவையும் சேர்த்துத்தான் பூட்டும். எழுதி முடித்ததும் கழற்றி வீட்டுக்கு எடுத்துப்போங்கள். ஒன்றுக்கு இரண்டு பென் டிரைவ் வைத்து வாரம் மாற்றி வாரம் பயன்படுத்தினால் இன்னும் நல்லது. ஒருவேளை அப்படித் தாக்குதல் நடந்தால், 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு உடனே சொல்லுங்கள்.

இன்னொரு பிரதி இணையத்துக்குப் போகட்டும். கூகுள் கணக்கில் 15 ஜி.பி. இலவசம். ஜிமெயில், போட்டோ எல்லாவற்றுக்கும் சேர்த்துதான் அந்த இடம், ஆனாலும் சின்னக் கடையின் கணக்குக்கு அதில் தாராளமாக இடமிருக்கும். இங்கே இரண்டு எச்சரிக்கை. அந்த ஜிமெயில் முதலாளியுடையதாக இருக்க வேண்டும். கணக்காளரின் சொந்த ஜிமெயிலில் ஏறினால், அவர் வேலையை விட்டுப் போகும்போது உங்கள் கணக்கும் கூடவே போகும். இரண்டாவது, டிரைவ் ஃபோல்டருக்குப் பேக்கப்பை மட்டும் அனுப்புங்கள். நடப்பு டேட்டாவையே அந்தச் சிங்க் ஆகும் ஃபோல்டரில் வைத்துவிட்டால், நீங்கள் என்ட்ரி போடும்போதே அது ஃபைலை மேலே ஏற்றப் பார்க்கும். இரண்டு கம்ப்யூட்டர் இணைந்திருந்தால் ஃபைல்கள் முரண்பட்டு டேட்டா கெட்டுப்போக வாய்ப்புண்டு. வாட்ஸ்அப்பில் அனுப்பி வைப்பதும் அவசரத்துக்குத்தான். போன் மாற்றும்போது அது எங்கே போகும் என்று உங்களுக்கே தெரியும்.

இங்கேதான் உங்கள் ஸ்மார்ட்போன் கைகொடுக்கிறது. கூகுள் டிரைவ் செயலியைத் திறந்து, நேற்றைய பேக்கப் வந்திருக்கிறதா, அதன் அளவு என்ன என்று பஸ் ஏறும் நேரத்தில் பார்த்துவிடலாம். நேற்று 38 எம்.பி., இன்று 38 எம்.பி. என்றால் சரி. இன்று 4 எம்.பி. என்றால் ஏதோ கோளாறு, அன்றைக்கே விசாரியுங்கள். கணக்கு படிக்கத் தெரிய வேண்டியதில்லை, தேதியும் அளவும் போதும்.

செல்போனிலேயே பில் போடும் வியாபார் போன்ற செயலிகளைப் பயன்படுத்துகிறவர்களுக்கும் இதே கதைதான். செயலியின் அமைப்பில் பேக்கப் பகுதியைத் திறந்து, தானாகக் கூகுள் டிரைவுக்குப் போகிறதா, கடைசியாக என்றைக்குப் போனது என்று பாருங்கள். ஜோஹோ புக்ஸ் மாதிரி இணையத்திலேயே இயங்குபவற்றில் ஃபோல்டர் பிரச்சினை இல்லை, லாகின் யார் கையில் இருக்கிறது என்பதுதான் கேள்வி.

"ஜி.எஸ்.டி. போர்ட்டல்ல எல்லாம் இருக்கே?"

இதைச் சொல்லாத கடைக்காரர் குறைவு. இருப்பது பாதிதான். பதிவு பெற்றவர்களுக்கு நீங்கள் போட்ட பில்கள், உங்களுக்கு மற்றவர்கள் போட்ட பில்கள் ஆகியவை போர்ட்டலில் தனித்தனியாகத் தெரியும். ஆனால் கடைக்கு வந்து ரொக்கத்துக்கு வாங்கிப்போகும் சாதாரண வாடிக்கையாளரின் பில்கள் பெரும்பாலும் மொத்தத் தொகையாகத்தான் அங்கே இருக்கும். கூலி, வாடகை, டீசல் செலவு, ஸ்டாக் இருப்பு, யார் எவ்வளவு பாக்கி, யாரிடம் எவ்வளவு முன்பணம் வாங்கினோம் என்பதெல்லாம் எந்த அரசு இணையதளத்திலும் கிடையாது. பாக்கிப் பட்டியல் போனால் கடன் வாங்கியவரே வந்து சொன்னால்தான் உண்டு.

சட்டமும் இதைக் கேட்கிறது. ஜி.எஸ்.டி. சட்டத்தின் 36-ஆம் பிரிவுப்படி, கணக்குகளை அந்த ஆண்டுக்கான ஆண்டு ரிட்டர்னின் கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்கள் வைத்திருக்க வேண்டும். 2023-24 கணக்கை எடுத்துக்கொண்டால், ஆண்டு ரிட்டர்னின் கடைசி நாள் 2024 டிசம்பர் 31. ஆக 2030 டிசம்பர் 31 வரை அந்த ஃபோல்டர் உங்களிடம் இருக்க வேண்டும். மேல்முறையீடோ விசாரணையோ இருந்தால் இன்னும் நீளலாம். ஜி.எஸ்.டி. விதி 57 இன்னும் நேரடியானது: கணக்கைக் கம்ப்யூட்டரில் வைத்திருந்தால், விபத்தாலோ இயற்கைச் சீற்றத்தாலோ அழிந்தாலும் நியாயமான காலத்துக்குள் மீட்டெடுக்கும்படி பேக்கப் இருக்க வேண்டும் என்கிறது. "மழையில போச்சுங்க" என்பது பதிலாகாது என்று அர்த்தம்.

பிரைவேட் லிமிடெட் கம்பெனி நடத்துகிறவர்களுக்கு விதி இன்னும் இறுக்கம். கணக்கை 8 நிதியாண்டுகள் வைத்திருக்க வேண்டும். 2023 ஏப்ரல் 1 முதல் ஒவ்வொரு திருத்தத்தையும் பதிவு செய்யும் மென்பொருளைத்தான் பயன்படுத்த வேண்டும். பேக்கப் தினமும், இந்தியாவுக்குள் இருக்கும் சர்வரில் எடுக்க வேண்டும். சாதாரண இலவச டிரைவ் இதற்குப் பொருந்துமா என்று உங்கள் ஆடிட்டரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.

திறக்குமா என்று திறந்து பாருங்கள்

பேக்கப் எடுப்பவர்கள் நிறைய. அதைத் திறந்து பார்ப்பவர்கள் அபூர்வம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, வேறொரு கம்ப்யூட்டரில் ஒரு பேக்கப்பை ரெஸ்டோர் செய்து பாருங்கள். அதற்குத் தனியாக லைசென்ஸ் வாங்க வேண்டியதில்லை. டாலியின் எஜுகேஷன் மோடிலேயே திறந்து பார்க்கலாம், அதில் மாதத்தின் குறிப்பிட்ட சில தேதிகளில் மட்டுமே என்ட்ரி போட முடியும் என்பது ஒரு கட்டுப்பாடு. நமக்குப் பார்த்தால் போதும். கடைக் கம்ப்யூட்டரிலேயே சோதிப்பதென்றால், ரெஸ்டோர் செய்யும் இடமாக ஒரு காலி ஃபோல்டரைக் காட்டுங்கள். நடப்பு ஃபோல்டரைக் காட்டிவிட்டால் போன வாரத்துப் பேக்கப் இன்றைய கணக்கின் மேல் ஏறி உட்காரும்.

பதிப்பும் முக்கியம். புதிய டாலி பிரைமில் திறந்து மாற்றிய டேட்டாவைப் பழைய இ.ஆர்.பி. 9-ல் திறக்க முடியாது. கடையில் புதுசு, ஆடிட்டர் ஆபீஸில் பழசு என்றால் அவர் அனுப்புவது உங்களுக்குத் திறக்கும், நீங்கள் அனுப்புவது அவருக்குத் திறக்காது. பேக்கப் ஃபோல்டர் பெயரிலேயே எந்தப் பதிப்பு என்றும் எழுதி வைத்தால் ஆறு வருஷம் கழித்துத் தேடுகிறவர் உங்களை வாழ்த்துவார்.

கணக்காளர் மாறும் நாளில் சம்பளம் செட்டில் செய்வதோடு இதையும் கேட்டு வாங்குங்கள்: எந்த எண் எந்தக் கம்பெனி என்ற பட்டியல், கடைசிப் பேக்கப், பாஸ்வேர்டுகள். பாஸ்வேர்டில் டாலிவால்ட் என்று ஒன்று உண்டு. அதைப் போட்டிருந்தால் பட்டியலில் கம்பெனிப் பெயருக்குப் பதிலாக நட்சத்திரக் குறிகள் வரிசையாகத் தெரியும். அந்தப் பாஸ்வேர்டு மறந்துபோனால் டாலி நிறுவனத்தாலும் மீட்டுத் தர முடியாது. உங்கள் திரையில் இன்றைக்கு நட்சத்திரங்கள் தெரிந்தால், பாஸ்வேர்டைக் கேட்டு, நீங்களே ஒருமுறை போட்டுத் திறந்து பார்த்து, ஒரு கவரில் எழுதி ஒட்டி, பத்திரம் வைத்திருக்கும் பீரோவில் வைத்துவிடுங்கள்.